அண்ணன் அட்டையில் என் ரத்தம்

என் அண்ணனுக்குச் சர்க்கரை இல்லை என்று ஒரு மஞ்சள் அட்டையில் ஐந்து முறை எழுதியிருக்கிறது. ஐந்து முறையும் அது என் ரத்தம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நானேதான் விரலை நீட்டினேன். ஏன் நீட்டினாய் என்று கேட்டால் பொறாமை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். நாற்பதைத் தொடப்போகிறவள், கடத்தூரில் மருந்துக் கடையில் பில் போடுகிறவள், உடம்பு சரியில்லாத அண்ணன்மேல் பொறாமைப்பட்டாளா என்று கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளித்துக்கொள்ளட்டும். என் வீட்டில் பிறந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். ஐ.டி.ஐ. முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு வருஷம் கழித்து ஒரு தீபாவளி லீவில் வந்தவன் திரும்பிப் போகவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னான். அந்தப் பக்கம் எங்கள் ஆட்டுக்கொட்டகைதான் இருந்தது. மனச்சிதைவு நோய் என்று தருமபுரி டாக்டர் சொன்னார். ஊரில் அதற்கு வேறு வார்த்தை உண்டு, அதை நான் எழுதப்போவதில்லை. மாத்திரை ஆரம்பித்தபிறகு குரல்கள் அடங்கின. முழுதாகப் போகவில்லை, ஆனால் அவன் அவற்றோடு சண்டை போடுவதை விட்டுவிட்டான். ஆடு மேய்ப்பான், அம்மாவோடு உட்கார்ந்து புளி உடைப்பான், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாதா கோவிலின் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வருவான். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லாத மனிதன்.

தொந்தரவு எல்லாம் எனக்குத்தான், அம்மாவால். அவனுக்கு நோய் வந்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே பிள்ளை என்று ஆகிவிட்டது. என் கல்யாணப் பூசைக்கு அம்மா வரவில்லை. அன்று காலையில் அண்ணன் அறையை விட்டு வெளியே வரமாட்டேன் என்றான். அவனைத் தனியாக விடமாட்டேன் என்று அம்மாவும் உட்கார்ந்துவிட்டாள். சாமியார் எங்கள் கைகளைச் சேர்த்துவைத்தபோது, அம்மா நிற்க வேண்டிய இடத்தில் சித்தி நின்றாள். அம்மா விருந்துக்கு வந்தாள், அதுவும் அண்ணனுக்குச் சோறு கட்டிக்கொண்டு போவதற்கு. என் வீட்டுக்காரரும் ஓசூரில்தான் வேலை, சனிக்கிழமை சாயங்காலம் வருவார். அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் நான் அம்மா வீட்டிலேயே இருந்தேன். இருந்து என்ன, பார்த்துப் பார்த்து வெந்ததுதான் மிச்சம்.

தினமும் செபமாலை முடிந்ததும் அண்ணனுக்கு மாத்திரை கொடுக்கும் நேரம். மாத்திரை கசக்கும் என்று ஆரம்பத்தில் அவன் அடம்பிடித்ததால் அதோடு அம்மா ஒரு இனிப்பும் கொடுக்க ஆரம்பித்தாள். அது இருபது வருஷமாக நின்றபாடில்லை. தேங்காய் பர்பியோ பாதுஷாவோ, ஏதாவது ஒன்று. மாதா சுரூபத்துக்குப் பின்னால் ஒரு டப்பாவில் ஒளித்துவைப்பாள். யாரிடமிருந்து ஒளித்தாள் என்று நினைக்கிறீர்கள்? வீட்டில் இருந்தது மூன்றே பேர். ஒரு முட்டாய்க்கு அலைகிற வயதா எனக்கு? இல்லை. ஆனாலும் அந்த டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டால் எனக்கு வயிறு எரியும். தவக்காலம் வந்தால் இன்னும் கொடுமை. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை அம்மா டீயில் சர்க்கரை போடமாட்டாள். மகனுக்குச் சுகம் கிடைக்க ஒறுத்தல். நாற்பது நாள் தன் வாயில் போடாத சர்க்கரையை ஒரு நாள் தவறாமல் அவனுக்கு எடுத்துவைத்தாள். எனக்காக யாரும் ஒரு வேளை டீயைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோய் வந்த புதிதில் யாராவது தொட்டால் அண்ணனுக்குச் சுட்டதாம். அம்மா ஒருநாள் நெற்றியில் கை வைத்தபோது அலறிவிட்டான். அதற்குப் பிறகு அவன் தட்டை முக்காலிமேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்பாள். மாத்திரையையும் ஒரு கிண்ணத்தில் வைத்து நகர்த்துவாள். வீட்டுக்கு வரும் சாமியாருக்குக்கூட அவ்வளவு பவ்வியமாக அவள் சோறு வைத்ததில்லை. அதையும் நான் அவனுக்குக் கிடைக்கிற ராஜமரியாதைக் கணக்கில்தான் சேர்த்தேன்.

மாதம் ஒருமுறை தருமபுரிக்குப் போய் அவனுக்கு மாத்திரை வாங்கிவருவது என் வேலை. பஸ்ஸும் கூட்டமும் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் அவன் வரமாட்டான், அவனுடைய ஆஸ்பத்திரி நோட்டைக் கொண்டுபோனால் போதும். ஒருமுறை புதிதாக ஒரு டாக்டர் இருந்தார். நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"இவருக்குக் கடைசியா எப்ப ரத்தம் பார்த்தீங்க?"

"பார்க்கலைங்க."

"வெயிட்டு? இடுப்புச் சுத்தளவு? எதுவுமே இல்லியா? இந்த மாத்திரை எடுக்குறவங்களுக்கு வெயிட் ஏறும்ங்க, பல பேருக்குச் சுகர் வந்துரும். வருஷத்துக்கு ஒரு தடவையாச்சும் வெறும் வயித்துல ரத்தம் பார்த்தே ஆவணும். அடுத்த வாட்டி ஆளைக் கூட்டிட்டு வாங்க."

எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தினமும் மருந்து அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள் நான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"இருக்குற சீக்கு பத்தாதா அவனுக்கு? ஊசியப் பார்த்தா மெரண்டுருவான். பஸ்ல வேற ஏத்தி அவன அலக்கழிக்கணுமா?" என்றாள்.

மேற்கொண்டு நான் வற்புறுத்தியிருக்கலாம். எனக்கு இருந்ததே வாரத்தில் ஒரு நாள் லீவு, அதையும் அவனுக்கே தாரைவார்க்க வேண்டுமா என்று நினைத்தேன். சரி, பெற்றவளுக்கே இல்லாத அக்கறை எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் வீடு வீடாகச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கும் சுகாதாரப் பணியாளர் எங்கள் தெருவுக்கு வர ஆரம்பித்தார். சின்னப் பெண், தோளில் பை, கையில் ஒரு மிஷின். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நான் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் எட்டு மணி வாக்கில் வரும். வாசலில் நாற்காலி போட்டு உட்காரும். முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஆளுக்கொரு மஞ்சள் அட்டை. முதலில் அம்மாவுக்குப் பார்த்தது. பிறகு எனக்கு. என் விரலில் குத்தியபோது அம்மா புளிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அண்ணன் எங்கங்கக்கா? அவங்களுக்கும் பார்த்துரலாம்" என்றது அந்தப் பெண்.

அம்மா புளியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடிவந்தாள். "அவன் வேணாம்மா, பயந்துக்குவான். ஒரு வயித்துல பொறந்ததுங்கதான ரெண்டும், ஒரே ரத்தந்தான? இவளுதையே இன்னொரு வெரல்ல எடுத்து அவன் பேருக்கு எழுதிக்க."

அந்தப் பெண் சிரித்துவிட்டது. "அப்பிடியெல்லாம் எழுதக் கூடாதுங்கம்மா."

அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அண்ணன் தம்பிக்குள் நிலம் பிரியும், ரத்தம் பிரியாது என்று எங்கள் பக்கம் பேசுகிறவர்கள் பேசுவார்கள். அம்மா அதைப் பரிசோதனை வரைக்கும் நம்பினாள். நான்தான் நம்பாதவள். நான்தான் வாயைத் திறந்து அது தப்பு என்று சொல்லியிருக்க வேண்டியவள். ஆனால் அதற்குள் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். இரண்டு கையாலும். புளிப் பிசுபிசுப்போடு, இறுக்கமாக. எப்போது அவள் என்னை அப்படிக் கடைசியாகப் பிடித்தாள் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

"எழுதிக்கங்க. நான் மருந்துக் கடைலதான் இருக்கேன், அவருக்கு அப்புறமா நானே பார்த்துக்கறேன்" என்றேன்.

மருந்துக் கடை என்றதும் அந்தப் பெண் நம்பிவிட்டது. இரண்டாவது விரலில் குத்தியது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பிறகு குனிந்து அந்த விரலில் ஊதினாள். "அவ்ளோதான், அவ்ளோதான், ஆயிருச்சு" என்றாள். அது எனக்குச் சொன்னது இல்லை. உள்ளே அறையில் இருந்தவனுக்குச் சொன்னது. எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் வாங்கிக்கொண்டேன். கல்யாணப் பூசையன்று கிடைக்காத கை, அவனுக்கு என்று வந்த கை, வழி தவறி என்னிடம் வந்திருந்தது. திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அதே மாதிரிதான். முதல் விரல் என்னுடையது, அதற்கு யாரும் இல்லை. இரண்டாவது விரல் அண்ணனுடையது, அதற்கு அம்மா ஓடிவருவாள். அந்தப் பெண் எப்போது வரும் என்று நான் எதிர்பார்க்கவே ஆரம்பித்துவிட்டேன். வெட்கக்கேடுதான். தருமபுரி டாக்டர் அடுத்தமுறை கேட்டபோது அண்ணன் அட்டையை எடுத்து நீட்டினேன். "வீட்டுக்கே வந்து பார்க்கறாங்களா, நல்லது" என்று எண்களைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டார். ஆளைக் கூட்டிவரச் சொல்லி வற்புறுத்தவில்லை. பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் உறுத்தியது. கடத்தூர் வருவதற்குள் சரியாகிவிட்டது.

போன வருஷத் தவக்காலத்தில் அண்ணன் இளைக்க ஆரம்பித்தான். மாத்திரையால் ஊதிப்போயிருந்த உடம்பு தானாக வற்றியது. "பழையபடி ஆளாய்ட்டான் பாரு, ஒறுத்தல் வீண் போவல" என்று அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அவன் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான். மத்தியானத்துக்குள் ஒரு குடம் காலியாகும். அடிக்கடி ஒன்றுக்கு இருக்கக் கொட்டகைப் பக்கம் போய்வந்தான். மாத்திரை வாயைக் காயவைக்கும், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காயவைக்கும் என்பது உண்மை. நான் சொல்லிக்கொண்டது பொய். கடையில் வேறு யாராவது வந்து இதே மூன்று விஷயத்தைச் சொல்லியிருந்தால், முதலில் போய்ச் சுகர் பாருங்க என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பேன்.

பிறகு அவன் இடது காலில் புளி ஓடு குத்திய காயம் ஆறாமல் இருந்தது. அம்மா மஞ்சள் அரைத்துக் கொடுத்தாள், அவனே பூசிக்கொண்டான். மூன்று வாரம் ஆயிற்று, சுண்டு விரல் கறுத்துப்போயிற்று. நான் கடையிலிருந்து களிம்பு எடுத்தேன். "யாருக்கும்மா, சுகர் இருக்குதா?" என்று கடைக்காரர் கேட்டார். "இல்லைங்க, அட்டைலயே இருக்குது" என்றேன். நாக்கு தடுமாறவே இல்லை. அன்று சாயங்காலம் கடையிலிருந்த சர்க்கரை பார்க்கும் மிஷின் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். நான்கு நாள் அது பையிலேயே இருந்தது. எடுத்துப் பார்த்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். அந்தப் பெண்ணுக்கும் தெரிந்துபோகும், டாக்டருக்கும் தெரிந்துபோகும். அதைவிட, இனி இரண்டாவது விரல் என்று ஒன்று இருக்காது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அந்த நான்கு நாளில் நான் நினைத்தது இதுதான்.

ஐந்தாம் நாள் காலையில் அண்ணன் வாந்தி எடுத்தான். கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை, மூச்சு வேகமாக இழுத்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே விரலில் குத்தியபோது மிஷின் எண்ணே காட்டவில்லை. அது அளக்கிற அளவைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பணியில் இருந்த டாக்டர் என் பையிலிருந்த மஞ்சள் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"போன மாசம்கூட நார்மல்னு போட்டிருக்குதே. இது எப்படிங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"அது என் ரத்தம்ங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "ஏம்மா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலாம். என்ன சொல்வது? என் அம்மா என் கையைப் பிடிக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது என்றா? அம்மாதான் முந்திக்கொண்டாள். "நாந்தாங்க சொன்னன். அவளுக்கு ஒண்ணுந் தெரியாது. புத்தி கெட்டவ நான், நாந்தான் இனிப்பு குடுத்தன், நாந்தான் ஊசி வேணாம்ன்னன். எம்மேலதாங்க எல்லாம்." மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு ஒண்ணும் தெரியாதாம். பழியில்கூட எனக்குப் பங்கு தரவில்லை அவள். அதையும் மகனுக்காக முழுசாக எடுத்துக்கொண்டாள். அந்த வராந்தாவில், அந்த நேரத்தில்கூட எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அண்ணன் பிழைத்தான். சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அந்தப் பொல்லாத மாத்திரையை இனி நிறுத்திவிடலாமா என்று அம்மா கேட்டாள். நிறுத்தவே கூடாது, வேண்டுமானால் மனநல டாக்டர் வேறு ஒன்றுக்கு மாற்றுவார், ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் வெயிட்டும் தவறாமல் பார்க்க வேண்டும் என்றார்கள். தினமும் காலையில் விரலில் குத்திப் பார்த்துவிட்டு இன்சுலின் போட வேண்டும். அம்மாவுக்கு ஊசியைக் கண்டாலே கை உதறும். யார் செய்வது? நான்தான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை மிஷினோடு அவன் முன்னால் உட்கார்ந்தேன். மிரளுவான் என்று பயந்துகொண்டிருந்தேன். அவன் தானாகவே கையை மேசைமேல் நீட்டினான். குத்தினேன். இமைகூட அசையவில்லை.

"பயமா இல்லியாண்ணா?"

"எனக்கு என்ன பயம்? யாரும் என்னைக் கேக்கல."

இருபது வருஷமாக வீட்டில் யாரும் அவனைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. துளி ரத்தத்தை மிஷினில் வைத்துவிட்டு எண்ணுக்காகக் காத்திருந்தேன். அவன் விரலையே பார்த்துக்கொண்டு, வழக்கமான அந்த மெதுவான குரலில் சொன்னான்.

"ஜன்னல்ல இருந்து பார்ப்பன் பாப்பா. அந்தப் பொண்ணு வந்தா ரெண்டு வாட்டி குத்தும். ரெண்டாவது என்னுதுன்னு எனக்குத் தெரியும். அம்மா ஒன் கையப் புடிச்சிக்கிட்டு ஊதும். எனக்கு எரிச்சலா வரும். என் வெரலுதான, அம்மா எனக்குல்ல ஊதணும்?"

முக்காலியில் தட்டை வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்கும் அம்மா கண்ணுக்குள் வந்தாள். ராஜமரியாதை என்று நான் கணக்கில் சேர்த்த இரண்டடி. அவன் தொடாதே என்று சொன்னது ஒரு நாள், அம்மா தொடாமல் இருந்தது இருபது வருஷம். அவன் கை மேசைமேலேயே மல்லாந்து கிடந்தது, எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் குத்துவதற்கு முன்னால் அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்று இருந்தேன். கூப்பிட வாயைத் திறந்து மூடினேன். ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் நான் மறுபடியும் எட்டு வயதுப் பெண்ணாகி, தரமாட்டேன், தரமாட்டேன் என்று நின்றேன். பிறகு கூப்பிட்டேன்.

"அம்மா, வந்து அண்ணன் கையப் புடி."

"தொட்டா அவனுக்கு ஆவாதுடி" என்று கதவோரமே நின்றாள்.

"அவங்கிட்டயே கேளு."

அவள் கேட்கவில்லை. பார்த்தாள். அவன் கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினான். அவள் முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் குத்தினேன். அவள் குனிந்து ஊதினாள், "அவ்ளோதான், ஆயிருச்சு" என்றாள். அதே வார்த்தை, அதே குரல். எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்லமாட்டேன்.

மிஷினைப் பார்த்து அட்டையில் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை முடிந்துவிட்டது. அம்மா கையை விடவில்லை.